நல்ல சமாரியன் கதையை நாலாம் வகுப்பில் எப்படிச் சொல்வது?

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை நான். இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் கலந்து படிக்கிறார்கள். நல்ல சமாரியன் கதை சொன்னேன். "அடிபட்டவங்களுக்கு உதவணும் டீச்சர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள், அவ்வளவுதான். மறுநாள் ஒரு அப்பா வந்து, "பைபிள் பாடமா நடத்துறீங்க?" என்று கேட்டார். இந்தக் கதைகளை வகுப்பில் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். ஆனால் அந்த அப்பா கேட்டதும் நியாயம்தான். முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(1) பிரிவு. மதங்களைப் பற்றி அறிவது வேறு, ஒரு மதத்தைப் போதிப்பது வேறு. 2002இல் பள்ளிப் பாடத்திட்டம் பற்றிய அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை ஏற்றது. ஆகவே, "இது கிறிஸ்தவர்களின் வேதத்தில், இயேசு சொன்னதாக லூக்கா எழுதியிருக்கும் கதை" என்று சொல்லியே தொடங்குங்கள். யாருடைய கதை என்பதை மறைத்தால்தான் சந்தேகம் வரும். கதை முடிந்ததும் ஜெபமோ பாட்டோ வேண்டாம்.

கதை பிள்ளைகளிடம் ஏன் எடுபடவில்லை? சமாரியன் யார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. யூதர்களுக்கும் சமாரியர்களுக்கும் அன்று ஜென்மப் பகை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் ஆளரவமற்ற மலைப்பாதையில் ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியர், அதாவது யூதக் கோயில் பூசாரி, விலகிப் போகிறார். அந்தக் கோயிலில் ஊழியம் செய்யும் லேவியரும் போகிறார். அடுத்து வருகிறவன் பகையாளி! அவன்தான் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியமும் கொடுக்கிறான். ஏறக்குறைய இரண்டு நாள் கூலி அது.

எனவே கதைக்கு முன்பே பகையைப் புரியவையுங்கள். "உன் பென்சில் பாக்ஸை உடைச்சிட்டு, சிரிச்சிக்கிட்டே போன பையன்" என்று கற்பனையாக ஒருவனைச் சொன்னால் போதும். சாதி, மதம், தெருப்பெயர் எதையும் உவமைக்கு இழுக்காதீர்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளை பகையாளி ஆகிவிடும்.

லேவியர் போனதும் கதையை நிறுத்தி, "அடுத்து யார் வருவாங்க?" என்று கேளுங்கள். முடிவில் இன்னொரு கேள்வி. இந்த மூவரில் யார் அடிபட்டவனுக்கு அயலான், அதாவது அண்டை மனிதன், என்று இயேசு கேட்டபோது, எதிரே நின்ற யூத வேத அறிஞர் "சமாரியன்" என்று சொல்லவில்லை. "இரக்கம் காட்டினவன்" என்றார். ஏன் பேரைச் சொல்லவில்லை? ஒரு வகுப்பில் இதைக் கேட்டேன். "பேரச் சொன்னா தோத்த மாதிரி ஆயிடும்ல, சார்" என்றாள் ஒரு சிறுமி. அதற்குப் பிறகு "இதனால் அறியப்படும் நீதி" என்று நாம் என்னத்தைச் சொல்வது? நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

அந்த அப்பாவுக்கும் ஒரு பதில் வேண்டுமே: ஒரே மதத்துக் கதையோடு நின்றுவிடாதீர்கள். பௌத்தரின் உதானம் என்ற பாலி நூலில் யானையைத் தடவிய பார்வையற்றவர்கள் கதை இருக்கிறது. தலையைத் தொட்டவருக்கு யானை பானை, காதைத் தொட்டவருக்கு முறம், வால்நுனியைத் தொட்டவருக்குத் துடைப்பம். கடைசியில் கைகலப்பு. சமணரிடமும் இந்தக் கதை உண்டு. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் மட்டும், எல்லோர் கண்ணையும் கட்டி, சைக்கிளைத் தடவும் விளையாட்டாக மாற்றிவிடுங்கள்.

இறந்த குழந்தையைப் பிழைக்கவைக்கக் கேட்ட தாயிடம், சாவே நிகழாத வீட்டில் கடுகு வாங்கி வா என்று புத்தர் சொன்ன கிசா கோதமி கதை அருமையானது. ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு முன் வேண்டாம். அண்மையில் வீட்டில் யாரையாவது பறிகொடுத்த பிள்ளை இருந்தால், அந்த ஆண்டே வேண்டாம்.