செக்கிங் வேலையும் ஏஐ கேமராவும்

வணக்கம் அண்ணா. திருப்பூரில் உங்கள் கம்பெனி நிட்டிங் மெஷினில் ஏஐ கேமரா மாட்டிவிட்டது, துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலையை விட்டு, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் பைத்தான் கோர்ஸில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ஊசிக் கோடு (ஊசி பழுதால் துணியில் விழும் கோடு), ஓட்டை, லைக்ரா (இழுபடும் நூல்) அறுந்தது இதையெல்லாம் கேமரா துணி ஓடும்போதே பிடித்து மெஷினை நிறுத்திவிடும், உண்மைதான். ஆனால் சில சமயம் ஒட்டியிருக்கும் பஞ்சையும் டிஃபெக்ட் என்று சொல்லும். ஊசியை மாற்றுவதா, நூலை மாற்றுவதா என்பதற்கு ஆள்தான் வேண்டும். துணியில் உள்ள குறைகளுக்குப் பாயின்ட் போடும் 4 பாயின்ட் முறை உங்களுக்கு அத்துப்படி (குறையின் நீளம் 3 அங்குலம் வரை 1 பாயின்ட், 9-ஐத் தாண்டினால் 4). அந்தக் கணக்கில் கேமரா ரிப்போர்ட்டைச் சரிபார்த்து எக்செல்லில் போடப் பழகுங்கள். கேமரா பொருத்த வருபவரிடம் செட்டிங்ஸைக் கேட்டு வையுங்கள், டீ வாங்கிக் கொடுத்தாவது! பைத்தான் அப்புறம் பார்க்கலாம்.