அடியோடு முடிந்துவிடாது

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், ஆண்டு விழாவில் நடனமாடிய வகுப்புத் தோழியின் படத்தைப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அவள் உடம்பைப் பற்றிக் கேவலமாக எழுதியிருக்கிறான். விஷயம் தெரிந்து மூன்று நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை. என் கணவர் பெல்ட்டால் விளாசி, போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். மாமியாரோ, “வயசுப் பையன் அப்படித்தான் இருப்பான், இதைப் போய்ப் பெருசு பண்றீங்களே” என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அப்பா அடிக்கிறார், பாட்டி தாங்குகிறார். இரண்டிலுமே பையன் தானாக எதையும் செய்ய வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. அடி வாங்கியவனுக்கு அப்பா மீது கோபம்தான் மிஞ்சும், அந்தப் பெண்ணின் நினைப்பு வராது. “அதான் அடி வாங்கிட்டேனே” என்று அவன் கணக்கை முடித்துக்கொள்வான். பாட்டிக்கும் பதில் சொல்லிவிடுங்கள்: பதினான்கு வயதில் பெண்கள்மேல் ஈர்ப்பு வருவது இயல்பு. ஒரு பெண்ணை நண்பர்கள் முன்னால் கேவலப்படுத்தியது அவனாக எடுத்த முடிவு.

இன்றே நீங்களும் கணவரும் சேர்ந்து அவனோடு உட்காருங்கள். அப்பா கட்டாயம் இருக்க வேண்டும். அம்மா மட்டும் பேசினால், ‘இது பொம்பளைங்க விஷயம்’ என்று ஒதுக்கிவிடுவான். இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் காதை மூடிக்கொள்வான். “ஏன் செஞ்சே?” என்று கேட்காதீர்கள், “சும்மா” என்றுதான் பதில் வரும். என்ன எழுதினாய், யார் யார் பார்த்தார்கள், நாளை அவள் வகுப்புக்குள் நுழையும்போது என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். “தப்பு நடந்துபோச்சு” என்றால் விடாதீர்கள். “நான் எழுதினேன்” என்று அவன் வாயிலிருந்து வர வேண்டும். “எல்லாரும்தான் எழுதினாங்க” என்பான். மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம், இப்போது உன் பேச்சு என்று திரும்பக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, சரிசெய்வது. போனை உங்கள் எதிரில் அவன் கையில் கொடுங்கள். எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நீங்கள் வைத்துக்கொண்ட பின், ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இதற்கு ஏறக்குறைய இரண்டரை நாள்தான் அவகாசம். அது கடந்திருந்தால் குழு அட்மின் நீக்க முடியும். பெண்ணின் பெயரைக் குறிப்பிடாமல், ‘நான் போட்டது தப்பு, சேமித்தவர்கள் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்’ என்று அதே குழுவில் அவனே எழுத வேண்டும். நண்பர்கள் முன் இதை எழுதுவது பெல்ட் அடியை விடக் கடினம். அதனால்தான் இது வேலை செய்கிறது.

மன்னிப்பு கேட்க நேராக அந்தப் பெண் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். பலர் செய்யும் தவறு இது. அவளுக்கு அது இன்னொரு வதை. நீங்கள் இருவரும் வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் வழியாகப் பெண்ணின் பெற்றோரிடம் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் கடிதம் கொடுக்கலாம். கடிதத்தில் என்ன செய்தேன், அதனால் உனக்கு என்ன நேர்ந்தது, இனி என்ன செய்வேன் ஆகிய மூன்றும் இருக்கட்டும். ‘உன் மனம் புண்பட்டிருந்தால்’, ‘ஆனால்’, ‘மன்னித்துவிடு’ மூன்றும் கூடாது. மன்னிப்பதும் மறுப்பதும் அவள் விருப்பம், அதை அவன் கேட்டு வாங்க முடியாது. நான்கு முறை திருத்தி எழுத வேண்டியிருந்தாலும் எழுதட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

போனைக் காலவரம்பின்றிப் பிடுங்கி வைத்தால் நண்பன் போனில் தொடர்வான். நான்கு வாரம் என்று சொல்லுங்கள், சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். அதன் பிறகு போன் கூடத்தில் மட்டும். இரவு ஒன்பது மணிக்குக் கூடத்திலேயே சார்ஜில் இருக்க வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. படம் ஆபாசமாக மாற்றப்பட்டிருந்தால் மேலே சொன்ன வழி போதாது. அப்போது எதையும் அழிக்காதீர்கள், ஆதாரம் என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பரப்புவதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் பாயலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்பதால் விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நடக்கும். பாதிக்கப்பட்ட பெண்ணின் குடும்பம் 1098 குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அவர்கள் புகார் கொடுத்தால் தடுக்க முயலாதீர்கள், சமரசம் பேச ஆள் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, வீட்டைப் பாருங்கள். அவன் சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள்? அக்காவோ தங்கையோ என்றால், பெண்கள் தனக்காக இருப்பவர்கள் என்று அவன் தினம் மூன்று வேளை கற்கிறான். தட்டை அவனே கழுவட்டும், உள்ளாடையை அவனே துவைக்கட்டும். அதற்காகப் பாராட்டு மழை வேண்டாம், அக்காவை யாரும் பாராட்டுவதில்லையே.

கேள்வி: சேட்டை செய்யும் பையன்களைப் பெண்கள் பெஞ்சில் உட்கார வைக்கிறோம். நன்றாக அடங்குகிறார்கள். தொடரலாமா?
– ஓர் ஆசிரியர், விருதுநகர்

பதில்: வேண்டாம். பெண்களுக்குப் பக்கத்தில் உட்காருவதே அவமானம் என்று வகுப்பு முழுவதற்கும் பாடம் எடுக்கிறீர்கள். அந்தப் பெண்களிடம் யாரும் சம்மதமும் கேட்கவில்லை. அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடைசெய்கிறது. பாடத்தைக் கெடுத்தவன் அன்று மாலை பத்து நிமிடம் இருந்து, கெட்டுப்போன பகுதியைப் பக்கத்துப் பையனுக்கு விளக்கட்டும். பெஞ்சைக் கிறுக்கியவன் துடைக்கட்டும். தண்டனையை அன்றே முடியுங்கள். மறுநாள் காலை அவனிடமே வருகைப் பதிவேட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.