இணைந்த கணிதம் தூரத்திலிருந்து – கடிதம்

வணக்கம் சேர்,

நான் முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பக்கம். உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் ஆறு பேர்தான். போன வருடக் கடைசியில் இணைந்த கணித சேருக்கு இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணம் போய்விட்டார். பதிலுக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதனால் கணிதத்தை மட்டும் சூம் வகுப்பில் படிக்கச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற ஒருவரின் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். அவர் படிப்பிக்கும்போது எல்லாம் விளங்குகிறது. ரெக்கோடிங்கையும் திரும்பப் பார்க்கிறேன். ஆனால் தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்துகிற பயிற்சிப் பரீட்சைப் பேப்பரில் எனக்கு 27 புள்ளிதான் வந்தது.

அப்பா இப்போதே கலைப் பிரிவுக்கு மாறிவிடு என்கிறார். அம்மா, யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் நின்று படி என்கிறா. உயர்தரப் பாடம் ஒன்றை இப்படித் தூரத்திலிருந்து படித்து எழுத முடியுமா? திறந்த பல்கலைக்கழகம் மாதிரி உயர்தரத்துக்கும் ஏதாவது இருக்கிறதா? நீங்கள் முன்பு கணிதம் படிப்பித்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள பிள்ளைக்கு,

முடியும். அதிலும் உங்களுடைய மூன்று பாடங்களில் தூரத்திலிருந்து படிக்கத் தோதானது இணைந்த கணிதம்தான். ஆய்வுகூடம் தேவையில்லை, அமிலம் தேவையில்லை, கொப்பியும் பேனையும் போதும். இரசாயனவியல் ஆசிரியர் போயிருந்தால் நான் இதைவிடக் கவலைப்பட்டிருப்பேன்.

ஆனால் நீங்கள் இப்போது படிப்பது அரைவாசித் தொலைக்கல்வி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ‘அவர் படிப்பிக்கும்போது எல்லாம் விளங்குகிறது’ என்பது. விளங்கத்தானே செய்யும்? நன்றாகக் கணக்குச் செய்யத் தெரிந்த ஒருவர் செய்து காட்டும்போது பார்த்துக்கொண்டிருக்கிறவர் எல்லோருக்கும் விளங்கும். பாடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது. நீங்கள் செய்த கணக்கு ஒட்டுசுட்டானிலிருந்து யாரிடம் போகிறது? கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், திருத்துவதற்கு ஓர் ஆள் இருப்பதாக எங்கேயும் இல்லை. அந்த 27 புள்ளிக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒப்பமான சுவரில் சாய்ந்து, கரடான தரையில் ஏணி ஒன்று சமநிலையில் நிற்கிறது. வழமையான கணக்கு. நான் படிப்பித்த காலத்தில் பத்துப் பிள்ளையில் ஏழெட்டுப் பேர் படத்தைக் கீறினவுடனேயே உராய்வு விசை சமன் உராய்வுக் குணகம் தர செவ்வன் மறுதாக்கம் என்று எழுதிவிடுவார்கள். ஏணி வழுக்கும் தறுவாயில் இருக்கிறது என்று வினாவில் இருந்தால்தான் அது சரி. சும்மா சமநிலையில் நிற்கிறது என்றால் உராய்வு விசை அந்தப் பெருக்கத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அப்போது விசைகளைத் துணித்து, ஒரு புள்ளி பற்றித் திருப்பம் எடுத்து, உராய்வு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சமனிலி. இதை சூமில் சேர் சொல்லியிருப்பார், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். தனியே இருந்து செய்யும்போது கை பழையபடி சமன் குறியைப் போட்டுவிடும். சில வேளை விடைகூடச் சரியாக வந்துவிடும். அந்த வரியில் சிவப்புப் பேனையால் யாராவது சுழித்து ‘ஏன்?’ என்று எழுதினால் ஒழிய அது பரீட்சை மண்டபம் வரைக்கும் உங்களோடு வரும்.

பேப்பரின் அமைப்பும் அப்படித்தான். பௌதிகவியலில் 50 பல்தேர்வு வினா இருக்கிறது. அங்கே ஓரளவுக்கு ஊகித்தாவது தப்பலாம். இணைந்த கணிதத்தில் இரண்டு பத்திரமும் எழுத்துத்தான். ஒவ்வொன்றிலும் ஏ பகுதியில் பத்து வினாவும் கட்டாயம், தலா 25 புள்ளி. பீ பகுதியில் ஏழில் ஐந்து, தலா 150 புள்ளி. அந்த 150உம் வரி வரியாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. படம் கீறினால் இவ்வளவு, சமன்பாட்டுக்கு இவ்வளவு, காரணம் சொன்னால் இவ்வளவு. கணிதத் தொகுத்தறிவில் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசி முடிவு வசனத்தை எழுதாமல் விடுகிற பிள்ளைகளைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். விடை தெரிந்தும் புள்ளி வராத பாடம் இது. எழுதியதை இன்னொருவர் பார்க்காமல் இதைப் படிக்கவே முடியாது என்பது என்னுடைய அபிப்பிராயம். ஆசிரியர் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான், தூரத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்த பிறகு நாங்கள் மல்லாவிப் பக்கம் இருந்துதான் உயர்தரம் படித்தோம். (ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையை உங்கள் வீட்டிலேயே போதுமட்டும் கேட்டிருப்பீர்கள், அதை விடுகிறேன்.) எங்கள் கணித மாஸ்டர் அக்கராயனில் இருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலைசெய்த ஒருவர் கிழமைக்கு ஒரு தரம் சைக்கிளில் அந்தப் பக்கம் போய்வருவார். அவருடைய கரியரில் எங்கள் கொப்பிகள் போகும், அடுத்த கிழமை திரும்பி வரும். மாஸ்டர் பென்சிலால்தான் திருத்துவார். பிழை என்று எழுதமாட்டார், எந்த வரியில் வழி தவறியதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பார். மிச்சத்தை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். அவர் பாடம் எடுத்து நாங்கள் கேட்ட நாட்கள் குறைவு. உங்கள் நிலைமை அதற்கு நேர்மாறு. உங்களுக்குப் பாடம் கொட்டிக் கிடக்கிறது, கொப்பி மட்டும் போகவில்லை.

ஆகவே முதல் வேலை, கொப்பி போவதற்கு ஓர் இடம் பிடிப்பது.

எனக்கு முதலில் தோன்றுகிறவர், இடமாற்றம் பெற்றுப் போன அதே சேர்தான். பாடம் எடுக்கச் சொல்லி அவரைக் கேட்க வேண்டாம், அவருக்கு இப்போது வேறு பாடசாலை, வேறு பிள்ளைகள். கிழமைக்கு ஐந்து கணக்கு திருத்தித் தருவீர்களா என்று மட்டும் கேளுங்கள். உங்கள் எழுத்தும் நீங்கள் வழக்கமாக விடும் பிழைகளும் அவருக்குத்தான் தெரியும். இடமாற்றம் எடுத்துப் போனவரிடம் கேட்க உங்கள் வீட்டாருக்குச் சங்கடமாக இருக்கலாம். பாடசாலையில் ஒருவர் இல்லாமல் போவதற்கு ஆசிரியரையே குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம். கஷ்டப் பிரதேசத்தில் காலம் முடித்தவர் ஊருக்குப் போகத்தான் செய்வார். அவர் போகும் திகதி முதலே தெரிந்திருந்தும் பதில் ஆளைப் போடாமல் விடுவது வேறு ஆட்களின் வேலை. அந்தக் கோபத்தைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டச் சொல்லுங்கள், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சேருக்கு ஒரு வட்ஸ்அப் போடுங்கள்.

அவர் ஏலாது என்றால், கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளில் பலர் சில வருடங்களுக்கு முன்னர்தான் இதே பேப்பரை எழுதி உள்ளே போனவர்கள். உங்கள் பாடசாலையிலிருந்தோ மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்தோ போன ஓர் அக்காவையோ அண்ணாவையோ விசாரித்தால் கட்டாயம் ஆள் கிடைக்கும். காசு கொடுத்துத்தான் திருத்துவியுங்கள். இலவசமாகக் கேட்டால் இரண்டு கிழமை நடக்கும், பிறகு அவர்களுக்கும் பரீட்சை வந்துவிடும். சூம் வகுப்புக்குக் கட்டுகிற காசில் பாதியைத் திருத்துகிறவருக்குக் கொடுத்தால் அது நட்டமே இல்லை.

இன்னொருவர் உங்கள் பாடசாலையிலேயே இருக்கிறார், பௌதிகவியல் ஆசிரியர். இரண்டாம் பத்திரத்தில் வருகிற நிலையியல், இயக்கவியல் கணக்குகளில் விசைகளைச் சரியாகக் குறித்திருக்கிறீர்களா என்று அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தொகையீடு திருத்தச் சொல்லி அவரிடம் போகாதீர்கள், படத்தை மட்டும் காட்டுங்கள். படம் சரியென்றால் பாதிக் கணக்கு முடிந்தது.

அனுப்புவதில் ஒரு விஷயம். போனில் படம் எடுத்து அனுப்புவது சுலபம், ஆனால் சீஆர் கொப்பியின் நடுமடிப்பில் எழுத்து வளைந்து, ஒரு பக்கம் நிழல் விழுந்து, அடுக்குக்குறி இரண்டா மூன்றா என்று தெரியாமல் வரும். திருத்துகிறவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் களைத்து, கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி போட்டுவிடுவார். அதனால் தனித்தாளில், ஒரு பக்கம் மட்டும், கறுப்புப் பேனையால் எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் நேர்மேலே பிடித்து எடுங்கள். மாதத்துக்கு ஒரு முழுப் பேப்பரை மூன்று மணித்தியாலம் வைத்து எழுதி, அதை மட்டும் பஸ்ஸில் கொடுத்துவிடலாம். நடத்துனரிடம் பார்சல் கொடுத்துவிட்டு மற்றப் பக்கத்தில் ஆள் நின்று எடுப்பது நம் ஊரில் புதிதா என்ன? தாளில் திருத்தி வருகிற மாதிரி போனில் திருத்தி வராது.

அது தவிர நீங்களே திருத்தப் பழக வேண்டியதும் உண்டு. பரீட்சைத் திணைக்களம் வெளியிடுகிற மதிப்பீட்டு அறிக்கைகளில் புள்ளித்திட்டம் இருக்கிறது, எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குச் செய்யாதீர்கள். செய்து, ஒரு நாள் கிடக்க விட்டு, அடுத்த நாள் வேறு யாருடைய பேப்பரையோ திருத்துகிற மாதிரி எடுத்துத் திருத்துங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூல்களும் தமிழில் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அவற்றில் விளக்கம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் பாடத்திட்டத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை வகுப்பில் தருகிற ரியூட்டை வைத்து முடிவெடுக்காமல் இந்த நூல்களை வைத்து முடிவெடுங்கள்.

டேட்டாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கஷ்டமாகத்தான் இருக்கும். ரெக்கோடிங்கைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் குறைத்தாலே பாதி மிச்சம். ஒரு தரம் பாருங்கள், பிறகு போனை அறைக்கு வெளியே வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். கலைப் பிரிவு கணிதம் வராதவர்கள் போய் ஒதுங்குகிற மடம் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. புவியியலிலும் அளவையியலிலும் ஆசையுள்ள பிள்ளை அங்கே போக வேண்டும். நீங்கள் அப்படி ஆசைப்பட்டதாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஓர் ஆசிரியர் போனதற்காக முழுப் பிரிவையும் மாற்றுவது தேவையில்லாத வேலை. இரண்டு தவணை இப்படித் திருத்துவித்துப் பார்த்தும் புள்ளி அசையவில்லை என்றால் அப்பாவோடு திரும்பவும் இருந்து கதையுங்கள். அதற்கு முன்னர் வேண்டாம்.

அம்மாவின் யோசனையில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவை. பாடசாலையை மாற்றினால் உங்கள் மாவட்டம் எதுவாகக் கணக்கெடுக்கப்படும் என்பது எங்கே எத்தனை வருடம் படித்தீர்கள் என்பதோடு சம்பந்தப்பட்டது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலில் அந்தப் பகுதியை வீட்டில் எல்லோருமாக இருந்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள். விடுமுறைக்குச் சித்தி வீட்டில் நின்று நேரடி வகுப்புக்குப் போவதில் இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை.

திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. அது முதலில் பட்டப்படிப்புகளுக்கானது, உயர்தரம் இல்லாதவர்கள் உள்ளே வருவதற்கு அடிப்படைக் கற்கைகளும் வைத்திருக்கிறது. உங்களுக்கு அது இப்போது வேண்டாம். நீங்கள் பாடசாலைப் பரீட்சார்த்தி, 80 வீத வரவு இருந்தால்தான் பாடசாலை மூலம் எழுதலாம். ‘கணிதத்துக்கு ஆள் இல்லைத்தானே’ என்று வீட்டில் நின்றுவிடாதீர்கள். எங்கே இருந்து படித்தாலும் எழுதுவது ஒரே பேப்பர்தான்.

உங்கள் வகுப்பில் மற்ற ஐந்து பேரும் தனித்தனியே அதே சூம் வகுப்புக்குக் காசு கட்டுகிறார்களா? ஆசிரியர் இல்லாத அந்தக் கணிதப் பாடவேளைகளில் ஆறு பேருமாக இருந்து ஒரே கணக்கைச் செய்து, தாள்களை மாற்றித் திருத்துங்கள். ஆறு பேரும் சேர்ந்து கேட்டால் அறிவியல்நகரிலிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாங்குளம் வரைக்கும் வந்து போகவும் கூடும். பஸ் காசும் மதியச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. முதலாவதாக அனுப்புவதற்கு அந்த வெளிக்கள நிலையப் பேப்பரையே எடுங்கள், புதிதாக ஒன்றும் தேட வேண்டாம்.