பி.ஏ. படித்தால் கணினியைக் கைவிட வேண்டுமா?

கேள்வி: பிளஸ் டூவில் வரலாறு, அரசியல் அறிவியல், தமிழ் படிக்கும் என் மகள் ஆசிரியையாக விரும்புகிறாள். கணினி படித்தால்தான் வேலை என்கிறார் என் கணவர். அவள் கணிதம் எடுக்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கரோல் பாக், புது தில்லி.

பதில்: தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. ஹானர்ஸ் கணினி அறிவியலில் சேரப் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்பதால், அந்த வழி தங்கள் மகளுக்கு இல்லை. அதற்காக வருந்த வேண்டாம். வரலாற்றில் பி.ஏ. ஹானர்ஸ் சேர்ந்து, பின்னர் பி.எட். முடிப்பதே அவளுடைய விருப்பத்துக்கு ஏற்ற பாதை. பட்டப்படிப்பில் எடுக்கும் பாடமே பள்ளியில் எதைக் கற்பிக்கலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பதால், அதை இப்போதே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளநிலைச் சேர்க்கை 2022 முதல் கியூட் எனப்படும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியே நடைபெறுகிறது. அத்தேர்வின் மொழித்தாள்களில் தமிழும் உண்டு என்பது, தலைநகரில் தமிழை விடாமல் படித்த பிள்ளைகளுக்குப் பெரும் பலம்.

கணவரின் கவலையும் நியாயமானதே. நேரடி வகுப்பில் ஒரு பட்டம் பயின்றுகொண்டே தொலைநிலைக் கல்வியில் மற்றொன்றைப் பயில, பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதி அளித்தது. இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. என்னும் கணினிப் பட்டப்படிப்பைக் குறைந்தது மூன்று ஆண்டுகளில் முடிக்கலாம். அதில் அடிப்படைக் கணிதமும் ஒரு பாடம் என்பதால், முதலில் அந்தப் புத்தகத்தை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பட்டங்களின் தேர்வுத் தேதிகள் மோதக்கூடும் என்பதால், பி.ஏ. முதலாண்டு நிலைபெற்ற பிறகு பி.சி.ஏ.வில் சேர்வதே நல்லது.