பட்டாவில் உள்ள 0 - 12.50 எத்தனை சென்ட்?

மேலூர் பக்கம் வாங்கப்போகும் நிலத்துக்குப் பட்டாவில் 0 - 12.50 என்றிருக்கிறது, புரோக்கர் 33 சென்ட் என்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை.

கோட்டுக்கு முன்னால் ஹெக்டேர், பின்னால் ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.471 சென்ட். 12.50-ஐ அதனால் பெருக்கினால் 30.89 சென்ட்தான். குறைகிற இரண்டு சென்ட் என்பது 871 சதுர அடி. சின்ன வீடே கட்டலாம், விட்டுவிடாதீர்கள்.

சதுர அடியாக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். மீட்டருக்கு 3.28 அடி என்று பரப்பையும் ஒரே தடவை 3.28-ஆல் பெருக்கிவிடுவார்கள். நீளம், அகலம் இரண்டுமே மாறுகின்றனவே! அதனால் இருமுறை பெருக்க வேண்டும், துல்லியமாக 10.764. உங்கள் 1,250 சதுர மீட்டர் 13,455 சதுர அடி. ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி, அதனால் வகுங்கள், அதே 30.89 வரும்.

கிரயத்துக்கு முன் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.