மோர்னிங் கெக்கோ (வளர்ப்புச் சிறு பல்லி) தொட்டியில் திடீர்க் குட்டிகள்: தனியாக எடுக்கணுமா?

ஆமாம், இன்றே எடுத்துவிடுங்கள். பெரியவை குட்டிகளைத் தின்றுவிடுவதுண்டு. இரண்டு நாளாகக் குட்டிகள் எதுவும் சாப்பிடவில்லை என்று பதற வேண்டாம். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு முதல் சில நாளுக்குப் போதும்.

ஆண் இல்லாமல் குட்டி எப்படி என்றால், இந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண்தான். இணை சேராமலே முட்டையிடும். விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதே இல்லை!

எடுத்த குட்டிகளுக்குச் சிறு டப்பா, அடியில் ஈர டிஷ்யூ, ஏறிக்கொள்ள ஒரு குச்சி. காற்றுத்துளைகள் ஊசிமுனை அளவில் இருக்கட்டும். சின்ன இடுக்கு கிடைத்தாலும் நழுவிவிடும். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள், துளிகளை நக்கிக் குடிக்கும். பிறகு பறக்காத பழ ஈக்களைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள்.

இன்றிரவு டார்ச் அடித்துக் கண்ணாடி மூலைகளையும் மூங்கில் துண்டுகளின் உட்புறத்தையும் பாருங்கள். வெள்ளை முட்டைகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். பெயர்த்தால் உடைந்துவிடும். துளையிட்ட சிறு கப்பை அவற்றின்மேல் கவிழ்த்து டேப் ஒட்டுங்கள்.

ஒருவேளை உங்களிடம் இருப்பது லெப்பர்ட் கெக்கோ என்ற வேறு இனப் பல்லி என்றால் கணக்கு வேறு. அந்தப் பெண், விந்தைச் சேமித்துவைத்துச் சில மாதம் கழித்தும் முட்டையிடும்.