வினாத்தாளைத் திருத்திவிட்டுப் பையன்களிடம் வருவோம்

கேள்வி: சுதந்திர மாதத்தை ஒட்டி எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் இளைஞர்களுக்குப் பொது அறிவுப் போட்டி வைத்தோம். எல்லாரும் ஐந்தாம் படிவம், அதாவது இடைநிலைப் பள்ளி, முடித்த பிள்ளைகள். மலேசியா 1957-ல் சுதந்திரம் பெற்றது என்பதைக்கூட ஒருவனும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ரிங்கிட் நோட்டில் இருக்கும் நம் முதல் பிரதமர் யார் என்று கேட்டால், ஒரு பையன் எழுந்து "அது பிரதமர் இல்லை, மாமன்னர்" என்கிறான். மண்டபமே சிரித்தது. ஆனால் தமிழ்நாட்டு முதலமைச்சர்களை மட்டும் வரிசையாக ஒப்பிக்கிறார்கள். எந்த நடிகரின் படம் எப்போது வருகிறது என்பதும் விரல் நுனியில். சொந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு நீல அடையாள அட்டை எதற்கு?

— ஒரு வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பையன்களைத் திட்டுவதற்கு முன்னால் வினாத்தாளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

1957 ஆகஸ்டு 31-ல் சுதந்திரம் பெற்றது மலாயா. மலேசியா என்ற நாடு அன்றைக்குப் பிறக்கவே இல்லை. மலாயாவோடு சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனது 1963 செப்டம்பர் 16-ல். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 1965 ஆகஸ்டு 9-ல் சிங்கப்பூர் பிரிந்து போனது. "எல்லாம் ஒன்றுதானே" என்று சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கில் போய்ச் சொல்லிப் பாருங்கள், முகத்துக்கு நேரே பதில் கிடைக்கும். செப்டம்பர் 16-க்கு நாடு முழுக்கப் பொது விடுமுறை கிடைத்ததே 2010-ல்தான். அதனால் நம் வயதுக்காரர்களுக்கு இந்தத் தடுமாற்றம் சகஜம். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விழித்த பையனுக்கு எத்தனை மதிப்பெண், தப்பான பதிலைச் சரியென்று வைத்திருந்த நடுவருக்கு எத்தனை மதிப்பெண்?

அடுத்தது நோட்டு. சட்டைப்பையில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் துவாங்கு அப்துல் ரஹ்மான். நெகிரி செம்பிலானின் ஆட்சியாளர், நாட்டின் முதல் மாமன்னர். நீங்கள் நினைத்திருப்பவர் துங்கு அப்துல் ரஹ்மான். கெடா அரச குடும்பத்துப் பிள்ளை, முதல் பிரதமர். பெயர் ஏறக்குறைய ஒன்று, ஆள் வேறு. 1967-ல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா முதன்முதலில் நோட்டு அடித்ததிலிருந்து அந்த இடத்தில் இருப்பது மாமன்னர்தான். அப்படியானால் அந்தப் பையன் சொன்னது சரி. ஒரு மண்டபமே சிரித்தபோதும் சரியான பதிலைச் சொல்லிவிட்டு நின்றிருக்கிறான். பெற்றோர் யாராவது கூட்டத்தில் இருந்திருந்தால், அவர்களும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு என்னவோ செய்கிறது.

தமிழ்நாட்டு முதலமைச்சர்கள், நடிகர்கள் விஷயம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பக்கத்து வீட்டு மலாய்ப் பையன் இங்கிலாந்துக் காற்பந்துக் குழுக்களின் ஆட்டக்காரர்களை ஒப்பிக்கிறான். அவனுடைய நாட்டுப்பற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நீல அட்டை எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். தோட்டத்து மனிதர் எழுதக் கூடாத வரி அது. எங்கள் பெரியம்மா ஒருவர் இருந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பேறு பார்த்தது பக்கத்து வீட்டுக் கிழவி. பிறப்புச் சூராவோ வேறு பத்திரமோ ஒன்றும் கிடையாது. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, காண்டாக் கம்பில் வாளி சுமந்தே வயதாகிவிட்டது. குடிமக்களுக்கு நீல அட்டை; குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியான அவர் கையில் இருந்தது சிவப்பு அட்டை. நீல அட்டைக்கு மனுப்போட்டு ஒரு நாள் கூப்பிட்டார்கள், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், நாட்டின் மலர் எது என்று கேட்டார். பெரியம்மா உடனே "செம்பரத்தம்பூ" என்றார். தினமும் காலையில் மாரியம்மனுக்கு அதைத்தான் பறித்துக்கொண்டு போவார். கேட்டவருக்குத் தமிழ் தெரியாது. பெரியம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து "புங்கா ராயா" என்ற மலாய்ப் பெயர் வாயில் வரவில்லை. சந்தையில் மலாய்க்காரரிடம் மீனுக்குப் பேரம் பேசும் வாய்தான் அது. கடைசிவரை சிவப்பு அட்டையோடு இருந்து போய்ச் சேர்ந்தார்.

இத்தனைக்கும் அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, சுதந்திர நாளுக்கு முன் இங்கே பிறந்தவரிடம் ஆரம்பநிலை மலாய் தெரிந்தால் போதும் என்கிறது. மனுச்செய்வதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், தொடர்ந்து இங்கேயே வாழும் எண்ணம் வேண்டும். பூவைப் பற்றியும் கொடியைப் பற்றியும் அதில் ஒரு சொல் கிடையாது. பிறந்ததைக் காட்டக் காகிதம் இல்லாததுதான் நம்மவர்களுக்குப் பெரிய சிக்கலாகப் போனது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இந்த நாட்டில் தேய்ந்த உடம்புகள் அவை. அட்டையின் நிறத்தைப் பொது அறிவோடு முடிச்சுப்போடும் பேச்சை வேறு யாராவது பேசினாலும் பரவாயில்லை, நாம் பேசக் கூடாது.

அதற்காகப் பையன்களை நான் தப்பவிடப் போவதில்லை. 2021 டிசம்பர் 15 முதல், பதினெட்டு நிரம்பிய குடிமகன் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறான். உங்கள் மண்டபத்தில் விழித்தவர்களில் பாதிப் பேராவது அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடுவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது யாரிடம் எதைக் கேட்பது என்பது. நிலம் மாநில அரசின் கையில். பள்ளிக்கூடம் மத்திய அரசின் கையில். வடிகால், குப்பை, ஒட்டுக்கடை லைசென்ஸ் எல்லாம் ஊராட்சி மன்றத்தின் கையில். தோட்டத்துக் கோயிலுக்கு நிலப் பிரச்சினை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? நாடாளுமன்ற உறுப்பினருக்கு மாலை போட்டுக் கூட்டிவந்து, படம் எடுத்து, சாப்பாடு போட்டு அனுப்புகிறோம். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார். நிலத்து விஷயத்தைச் சட்டமன்ற உறுப்பினரிடம் அல்லவா பிடித்திருக்க வேண்டும்? ஊராட்சி மன்றத்துக்கு நம்மவர் யாரையாவது தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது. அந்தத் தேர்தலை 1965-ல் நிறுத்திவைத்தார்கள், 1976-ல் வந்த சட்டம் ஒரேயடியாக மூடிவிட்டது. அங்கே உட்காருகிறவர்களை மாநில அரசு நியமிக்கிறது. இதையெல்லாம் போட்டியில் கேளுங்கள். கொடியில் எத்தனை கோடு என்று கேட்டால் எண்ணிச் சொல்லிவிடுவான். மாநிலம் பதின்மூன்றுதானே, கோடு ஏன் பதினான்கு என்று கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் ஒரு காலத்தில் நம்மோடு இருந்த கதை, அது போன பிறகு பதினான்காவது கோடு மத்திய அரசைக் குறிப்பதாக ஆன கதை எல்லாம் வெளியே வரும்.

அப்புறம், உங்கள் ஊரைப் பற்றி ஒரு கேள்விகூட வைக்கவில்லையே! கடிதத்தைப் படித்தபோது அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்றைக்கு உலகத்துக்கே இந்த நாடு செம்பனை எண்ணெய் விற்கிறது. மலாயாவில் வியாபாரத்துக்கென்று செம்பனையை முதலில் நட்டது எங்கே? 1917-ல், உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, துரை பிரான்சிலிருந்து வந்தார், தோட்டத்தின் பெயர் மட்டும் சுத்தத் தமிழ். இதை ஆங்கிலத்தில் 'டென்னமாராம்' என்று படித்துவிட்டு மலாய்ச் சொல் என்று நினைக்கும் நம் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய கேள்விக்கு விடை, அவர்கள் மோட்டார் சைக்கிளில் கடந்துபோகும் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

உங்கள் ஊரின் பெயரையே 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். நீங்கள் பழைய பெயரைப் போட்டே கையெழுத்திட்டிருக்கிறீர்கள், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஏன் மாற்றினார்கள் என்பதை மலாய் நன்றாகத் தெரிந்த நண்பரிடம் தனியாகக் கேளுங்கள். கோயில் மண்டபத்தில் கேட்க வேண்டாம்.

இன்னும் உண்டு. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை எடு என்பது இன்னொன்று. முன்னின்ற ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். கூலி கேட்டதை விடுங்கள், சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக வேண்டும் என்று கேட்டார்களே, அந்த மனிதர்கள் நம் பாட்டன்கள். சுதந்திரத்துக்கு 16 வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. அதே வருட டிசம்பரிலேயே ஜப்பான்காரன் வந்தான், பிறகு சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தான். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. உங்கள் பையன்களை வீட்டுக்கு அனுப்பி, "நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும் வீட்டில் ஒரு பெயர் கிடைக்கலாம். இந்தக் கேள்விக்கு நடுவரிடம் விடைத்தாள் இருக்காது.

அடுத்த வருடம் போட்டியை ஆகஸ்டு 31-ல் தொடங்கி செப்டம்பர் 16-ல் முடியுங்கள், இடையில் நிறைய நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த வாரமே ஒரு வேலை பாக்கி. 'மாமன்னர்' என்று சொன்ன பையனின் வீட்டைத் தேடிப் போய், ஜெயித்தவனுக்குக் கொடுத்த அதே மாதிரி பரிசுக்கூடை ஒன்றைக் கொடுங்கள். சிரித்தவர்களில் நான்கைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூடையில் வைக்கும் மைலோ டின் தேதி தாண்டியிருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

— ஆசிரியர்